முறையும் விளையாட்டும்: பெரியோர் அறிமுக ஆட்டங்களின் தமிழ் வரலாறு – வத்தல்மலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரையொருவர் அறியாத பெரியவர்கள் கூடுமிடத்தில் கூச்சம் தெளிவதற்காக ஆடப்பெறும் சிறு ஆட்டங்கள், இருபதாம் நூற்றாண்டின் விருந்துகளோடும் பயிற்சிப் பட்டறைகளோடும் வந்தவை என்று பொதுவாகக் கருதப்படுகின்றன. தமிழ்ச் சமூகத்தில் இதே பணியைச் செய்த ஆட்டங்கள் மணவிழாவிலும் நீராட்டிலும் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. ஆயின் அவை அயலாரிடையே ஆடப்பட்டவை அல்ல. கொள்வினை கொடுப்பினைக்கு உரிய முறையினரிடையே ஆடப்பட்டவை. முறை முன்னதாகவும் ஆட்டம் பின்னதாகவும் அமைந்த இவ்வொழுங்கு, இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதைத் தருமபுரி மாவட்டத்தையும் அதன் வத்தல்மலையையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிமுக விளையாட்டு, நலங்கு, மஞ்சள் நீராட்டு, முறை, கேலி உறவு, மலையாளிப் பழங்குடியினர், வத்தல்மலை, மகளிர் சுயஉதவிக் குழு

முன்னுரை

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வத்தல்மலை. பெரியூர், ஒன்றியங்காடு, பால்சிலம்பு, சின்னாங்காடு, நாயக்கனூர் முதலிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். (மலைக்குச் சங்கத் தமிழ் வழங்கிய 'சிலம்பு' என்னும் பெயர் இங்கு இன்றும் ஓர் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கிறது.) சாமை, கேழ்வரகு, கடுகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் இங்கு விளைகின்றன. நெடுங்காலம் நடைவழியே வழியாக இருந்த இம்மலைக்கு, இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு முறையான தார்ச்சாலை அமைந்தது. அதன்பின் வார இறுதிகளில் சமவெளியிலிருந்து நண்பர் குழுக்களும் குடும்பங்களும் வந்துபோகின்றனர்.

இத்தகைய மலைச் சுற்றுலாக்களில் முன்பின் அறியாதவர்கள் சிலர் ஒரே குழுவில் சேர்ந்துவிடுவது இயல்பு. அலுவலகம் ஒன்றிலிருந்து வந்தவர்களாயின் துறைகள் வேறு; நண்பர்களின் நண்பர்களாயின் ஊர்கள் வேறு. அப்போது யாரேனும் ஒருவர் ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். தம்மைப் பற்றி இரண்டு உண்மைகளையும் ஒரு பொய்யையும் சொல்லிப் பொய்யைக் கண்டறியச் செய்வது, பெயரோடு ஒரு பழத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரைப் பற்றி விசாரித்து அவரை அவைக்கு அறிமுகம் செய்வது என இவை பலவகை. 'ஐஸ்பிரேக்கர்' என்னும் பெயரே தமிழ்ப் பேச்சிலும் வழங்குகிறது. பயிற்சிக் கையேடுகள் சில இதனைப் 'பனிக்கட்டி உடைத்தல்' என்று பெயர்க்கின்றன. உறைந்த ஆற்றில் படகுக்கு வழியமைக்க முதலில் பனியை உடைப்பவனைக் குறித்த இலத்தீன் மரபுத்தொடர் இராசுமசின் பழமொழித் திரட்டான 'அடேஜியா'வில் இடம்பெற்றிருப்பதை அறிந்தோர்க்கு இப்பெயர்ப்பின் பொருள் விளங்கும். ஆறு வறண்டு மணலாவதையே கண்டு பழகிய தருமபுரிக்கு அது அயலானது. தமிழில் இதற்கு நிகராக வழங்குவன 'முகம் பழகுதல்', 'கூச்சம் தெளிதல்' ஆகிய தொடர்கள். உடைப்பதற்குரிய ஒன்று மனிதருக்கிடையே இருக்கிறது என்பதன்று, பழகுவதற்குக் காலம் வேண்டும் என்பதே இத்தொடர்களின் உட்பொருள்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடவில்லை. இதே மலையில் வாழ்வோரின் மணவிழாக்களிலும் பெரியவர்களுக்கிடையே கேலியும் ஆட்டமும் உண்டு; அவற்றின் இலக்கணம் வேறு. யார் யாரைக் கேலி செய்யலாம், யார் மீது யார் நீர் ஊற்றலாம் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

இலக்கியப் பதிவுகள்

தொல்காப்பிய உரியியல் 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் கூறுகிறது. இவற்றுள் பண்ணை என்பது மகளிர் கூட்டத்தையும் குறிக்கும். ஆடுதலும் கூடியிருத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது கருதத்தக்கது. சங்க அகப்பாடல்களில் தலைவி ஆயத்தோடு ஓரையாடுகிறாள், அலவனை ஆட்டுகிறாள், சிற்றில் இழைக்கிறாள். ஆயம் என்பது உடன்வளர்ந்த தோழியர் கூட்டம். அங்கே அயலவர்க்கு இடமில்லை. வழியில் வரும் தலைவன் ஆட்டத்திற்குப் புறத்தே நின்றே பேசவேண்டியிருக்கிறது.

பரிபாடலின் வையைப் பாடல்களில் நிலைமை மாறுகிறது. மதுரை மாந்தர் திரளாகப் புதுப்புனலாடுகின்றனர். நறுமணப் பொருள்களும் வண்ண நீரும் கையாளப்படுகின்றன. ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகின்றனர். நகரத்தார் ஒருவரையொருவர் அறியாமலே நெருங்கும் பெருவிழா இது. ஆனால் அறியாதார் நெருங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குப் பரிபாடல் காட்டும் சான்று ஓர் அறிமுகம் அன்று, ஒரு பூசல். இருபதாம் பாடலில், தன் இல்லத்திலிருந்து காணாமற்போன அணிகலன்கள் பரத்தை ஒருத்தியின் உடலில் இருப்பதைத் தலைவி தரப்பினர் நீராட்டுத் துறையில் கண்டுகொள்கின்றனர்; கூட்டம் கூடுகிறது; சொற்போர் மூள்கிறது. முறையற்ற நெருக்கத்தை அக்காலச் சமூகம் எவ்வாறு கண்டது என்பதற்கு இப்பகுதி நல்ல சான்று.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி குரவை ஆடத் துணிகிறாள். எழுவர் மகளிரை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்களுக்கு ஆட்டப் பெயராகச் சூட்டுகிறாள். பின்பு அவர்களுள் குரலை மாயவன் என்றும், இளியைப் பலதேவன் என்றும், துத்தத்தைப் பின்னை என்றும் கொள்கிறாள். ஆட்டத்தின் பொருட்டு ஒருவருக்குப் புதுப்பெயர் சூட்டுவது இன்றைய பட்டறைகளின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயர்பாடிக்குப் புதியவள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். கண்ணகி காணவே குரவை ஆடப்படுகிறது, அவள் ஆடுவதில்லை. எனினும் அவளை அயலாளாகவே வைத்திருக்கவில்லை ஆயர்குலம். கொலைக்களக் காதையில் மாதரியின் மகள் ஐயை, கண்ணகிக்கு நாத்தனார் முறையினளாகக் குறிக்கப்படுகிறாள். வந்தவளுக்கு முதலில் கிடைப்பது உணவும் உறைவிடமும். அவற்றோடு சேர்ந்தே கிடைப்பது ஒரு முறை. அயலாரை ஆட்டத்தின் வழியாக உறவாக்குவதன்று, உறவுச்சொல் ஒன்றை முன்னதாக வழங்கி ஏற்றுக்கொள்வதே இங்குள்ள வழி. முன்பின் அறியாதவரை 'அண்ணா', 'அக்கா', 'அம்மா' என விளித்தே பேச்சைத் தொடங்கும் இன்றைய வழக்கிலும் இவ்வழியே தொடர்கிறது.

முறை என்னும் உரிமம்

தமிழ் உறவுமுறை பங்காளிகள் என்றும் மாமன் மச்சான் வகையினர் என்றும் மக்களை இரு பாதியாகப் பிரிக்கிறது. முன்னவரோடு மணம் இல்லை; பின்னவரோடு மணம் உண்டு. லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட தென்னிந்திய மண உறவு பற்றிய ஆய்வில் இப்பிரிவே உறவமைப்பின் அச்சு என்று நிறுவினார். விளையாட்டின் எல்லையும் இதே அச்சின் மீதுதான் சுழல்கிறது. மச்சானைக் கேலி செய்யலாம். சித்தப்பன் மகனைக் கேலி செய்தால் அது வசவாகும். கொழுந்தியாள் மீது மஞ்சள் நீர் ஊற்றலாம். தங்கை முறையினள் மீது ஊற்றலாகாது.

ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கேலி உறவு பற்றிய கட்டுரை இதனை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மணத்தால் இணையும் இரு தரப்பினரிடையே பிணைப்பும் உண்டு, நலன்களின் மோதலும் உண்டு. அம்மோதல் வெளிப்படாமல் காக்கும் வழிகள் இரண்டு. ஒன்று ஒதுங்கி நிற்றல், மற்றொன்று புண்படாத கேலி என்பது அவர் கருத்து. தமிழ் வீடுகளில் மாமியார் முன் மருமகனும், மாமனார் முன் மருமகளும் ஒதுங்கி நிற்பது முதல் வழி. மச்சான்மார், மதினிமார் கேலி இரண்டாம் வழி. ஆயினும் அவருடைய விளக்கத்தில் அடங்காத ஒன்று தமிழ் வழக்கில் உண்டு. இங்குக் கேலி மோதலைத் தணிப்பதோடு நிற்பதில்லை, உரிமையைக் கோருகிறது.

மணம் முடிந்து வீடு புகும் தம்பியையும் அவன் மனைவியையும் நாத்தனார் வாயிலில் மறித்து நிற்கும் வழக்கம் தென்னிந்தியச் சமூகங்கள் பலவற்றில் பதிவாகியுள்ளது. உனக்குப் பிறக்கும் பெண்ணை என் மகனுக்குத் தருவதாகச் சொன்னால்தான் வழிவிடுவேன் என்பது அவள் நிபந்தனை. சுற்றி நிற்போர் சிரிப்பர், தம்பி வாக்களிப்பான், கதவு திறக்கும். வெளித்தோற்றத்தில் இது புதுப்பெண்ணின் அச்சத்தைத் தெளிவிக்கும் விளையாட்டு. உள்ளே, பிறந்த வீட்டை விட்டு மணமாகிச் சென்ற ஒருத்தி அவ்வீட்டின் மீது தனக்கு இன்னும் உள்ள உரிமையைச் சாட்சிகள் முன் நிலைநாட்டும் செயல். கொங்குப் பகுதி மணவிழாவில் மணமகனின் உடன்பிறந்தாளுக்குச் செய்யப்படும் இணைச்சீரும் இதே உரிமையைச் சடங்காகக் காட்டுவது. ஒன்று சீராகவும் மற்றொன்று சிரிப்பாகவும் நிகழ்வதே வேறுபாடு. சொத்துரிமை இல்லாத பெண்ணுக்குச் சிரிப்பு ஓர் ஆவணமாகப் பயன்பட்டிருக்கிறது.

மாரியம்மன் திருவிழாவின் இறுதியில் நிகழும் மஞ்சள் நீராட்டும் இவ்வகையினதே. கொங்கிலும் தருமபுரிப் பகுதியிலும் முறைமாமன், முறைப்பெண், மச்சான், கொழுந்தி ஆகியோர் ஒருவர் மீதொருவர் மஞ்சள் நீர் ஊற்றுவர். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை தப்பியோடுவதும், பெண்கள் சூழ்ந்து பிடிப்பதும் ஊரார் எதிர்பார்த்திருக்கும் காட்சிகள். யார் மீது யார் ஊற்றினர் என்பதைக் காணும் சிறுவர்கள் ஊரின் உறவு வரைபடத்தையே கற்றுக்கொள்கின்றனர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கேலிக்கு உரிமம் தருவது மண உறவு. மண உறவு சாதிக்குள் அடங்கியது. ஆகவே விளையாட்டும் சாதிக்குள் அடங்கியது. கொங்குச் சிற்றூர்களில் பிற சாதியாரையும் அண்ணன், மாமன் என விளிக்கும் வழக்கு உண்டு. ஆனால் அவ்விளி மஞ்சள் நீர் ஊற்றும் உரிமையைத் தருவதில்லை. முறை விளையாட்டுகளின் இனிமையைப் பேசும் நாட்டுப்புறவியல் எழுத்துகள் பல இவ்வெல்லையைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகின்றன.

நலங்கு: சிறுவர் ஆட்டம் பெரியோர் ஆட்டமானமை

அறிமுக விளையாட்டு என்னும் பெயருக்கு முழுதும் பொருந்துவது நலங்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த செந்நிறக் குழம்பைக் காலில் இடுவதும், அதனைச் சூழ்ந்து நிகழும் விளையாட்டுகளும் இப்பெயர் பெறும். பிராமணர் இல்லங்களில் மணநாளின் மாலையில் மணமகள் பாடி மணமகனை நலங்குக்கு அழைக்கிறாள். இருவரும் எதிரெதிரே அமர்ந்து தேங்காய் உருட்டுகின்றனர், பூப்பந்து எறிகின்றனர், தலைக்குமேல் அப்பளம் நொறுக்குகின்றனர். சுற்றியிருக்கும் பெண்கள் எதிர்த்தரப்புச் சம்பந்தியை ஏசிப் பாடுவர். பிற சமூகங்களில் நீர் நிரம்பிய குடத்தில் மோதிரத்தைப் போட்டு இருவரும் கைவிட்டுத் தேடும் ஆட்டம் பரவலாக உண்டு. முதலில் எடுப்பவர் வீட்டில் மேலோங்குவார் என்பது நம்பிக்கை. நீருக்கடியில் கைகள் தொட்டுக்கொள்கின்றன என்பதே அவ்வாட்டத்தின் உண்மையான பயன். அதனை யாரும் சொல்வதில்லை.

தேங்காய் உருட்டுவதும் பந்தெறிவதும் வளர்ந்த இருவருக்கு ஏன் ஆட்டமாயின என்ற வினா எழவேண்டும். அவை வளர்ந்தவர்க்கென அமைந்தவை அல்ல. பூப்புக்கு முன்பே பெண்ணுக்கு மணம் முடிக்கும் வழக்கம் பிராமணரிடையே நிலவிய காலத்தில், நான்கைந்து நாள் நீளும் மணவிழாவில் மனையில் அமர்ந்திருந்தவள் ஒரு சிறுமி. அழாமல் இருக்கவும், அறியாத ஒரு சிறுவனோடு அல்லது இளைஞனோடு அவள் அச்சமின்றி அமரவும் பந்தும் தேங்காயும் தேவைப்பட்டன. அக்காலச் சூழலில் வைத்து நோக்கினால் நலங்கு ஓர் இரக்கமுள்ள ஏற்பாடு; அதே வேளையில் அவ்விரக்கம் தேவைப்படுமாறு செய்த கொடுமையின் தடயமும் ஆகும்.

1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குழந்தை மணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச மண வயதை வகுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 18, 21 என உயர்த்தியது. சட்டத்தாலும், அதனினும் மிகுதியாகப் பெண்கல்வியாலும் மனையில் அமர்பவள் சிறுமியாக இருந்த நிலை மாறியது, ஆட்டம் மாறவில்லை. பட்டம் பெற்ற இருவர் தேங்காய் உருட்டினர். சிறுமியின் அச்சத்தைத் தெளிவித்த பொருள்கள் பெரியவர்களின் கூச்சத்தைத் தெளிவிக்கும் பொருள்களாயின. சடங்கு தன் காரணத்தை இழந்தபின் வேறொரு காரணத்தைத் தேடிக்கொண்டதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இதே காலத்தில் வேறொரு போக்கும் இருந்தது. 1928இல் சுக்கிலநத்தத்தில் நடைபெற்றதிலிருந்து கணக்கிடப்படும் சுயமரியாதைத் திருமணங்கள் புரோகிதத்தையும் சடங்கையும் நீக்கின. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் சட்ட ஏற்பும் பெற்றன. சடங்கு இருந்த இடத்தில் மேடையும் வாழ்த்துரையும் அமர்ந்தன. கருத்தளவில் அது பெரும் மாற்றம். ஆயினும் இரு வீட்டாரையும் எதிரெதிரே அமர்த்திச் சிரிக்கவைத்த ஆட்டத்திற்கு மாற்றாக ஒலிபெருக்கியால் எதுவும் தர இயலவில்லை என்பதை அவ்வுரைகளை இரண்டு மணிநேரம் கேட்டவர்கள் ஒப்புவர்.

அண்மைக் காலத்தில் நலங்கின் இடம் விரிந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் இரத்த உறவில் மணந்தோர் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். இந்திய அளவில் இது மிக உயர்ந்த விகிதம். எனினும் எஞ்சிய பெரும்பாலோரின் மணங்கள் உறவுக்கு வெளியே நிகழ்கின்றன. மணமாலை விளம்பரத்தின் வழி இணைந்த இரு குடும்பங்கள் மண்டபத்தில் முதன்முறை சந்திக்கும்போது முறை என்பது பெயரளவில்தான் இருக்கிறது. அங்கே விளையாட்டை நடத்தித்தர ஒரு தொகுப்பாளர் ஒலிவாங்கியோடு வருகிறார். மாப்பிள்ளையின் காலணியை மைத்துனிமார் ஒளித்துவைத்துப் பணம் கேட்கும் வடஇந்திய வழக்கம், 1994இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்திற்குப் பின் நாடெங்கும் அறிமுகமாகித் தமிழ் மண்டபங்களுக்கும் வந்துசேர்ந்தது. முன்பு ஆட்டம் முறையைத் தொடர்ந்து வந்தது. இப்போது முறை ஆட்டத்தைத் தொடர்ந்து வருகிறது.

அயலார் இல்லாத மலை

தருமபுரி 1965 அக்டோபரில் தனி மாவட்டமாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆகவே இம்மலைகளின் மக்களைப் பற்றிய முந்தைய பதிவுகளைச் சேலம் மாவட்ட நூல்களிலேயே தேடவேண்டும். லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு (1883), எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909), எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட விவரச்சுவடி (1918) ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. மலையாளிகள் என்னும் பெயர் மலையை ஆள்வோர் அல்லது மலைவாழ்வோர் என்ற பொருளில் வழங்குவது. கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் மக்கள்தொகையில் மிகப் பெரியவர்கள் இவர்களே. தமிழ்நாட்டுக்கான அட்டவணைப் பழங்குடிகள் பட்டியலும் இவர்களைத் தருமபுரி, சேலம் முதலிய மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே குறிக்கிறது.

இவர்களின் தோற்றக் கதை இவ்வாய்வுக்குப் பொருத்தமானது. காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் தம் தெய்வத்தோடு புறப்பட்டு மலைகளை அடைந்தனர். வெவ்வேறு மலைகளில் தங்கினர். அங்கங்கே வெவ்வேறு குலப் பெண்களை மணந்தனர். அதனாலேயே மலைக்கு மலை வழக்கம் வேறுபடுகிறது என்பது அக்கதையின் சாரம். முதல் தலைமுறையில் அயலாரோடு கலந்ததை மறைக்காமல் நினைவில் வைத்திருக்கும் கதை இது. அடுத்த தலைமுறைகளிலோ கொள்வினை மலைக்குள் அடங்குகிறது. மாமன், அத்தை மக்களை மணத்தலும், பெண் வீட்டாருக்குப் பரியம் தருதலும் இவர்களிடையே பதிவான வழக்கங்கள்.

ஆங்கில ஆட்சிக்காலத் தொகுப்பாளர்களின் நாட்டம் குரு, பட்டக்காரர், மூப்பர், ஊர்க்கவுண்டர் என்னும் தலைமை அடுக்கின் மீதும், மணத்தடை, பரியம், மணவிலக்கு ஆகியவற்றின் மீதும் குவிந்திருந்தது. ஆட்சியாளருக்கு வேண்டியவை அவை. பொங்கலையொட்டிய எருதாட்டம் அவர்கள் கண்ணில் பட்டது. அது ஆடவர் திறந்தவெளியில் ஆடுவது. பெண்கள் அடுப்படியிலும் வாசலிலும் ஆடிய கேலி ஆட்டங்கள் அவர்கள் நடந்த வழியில் இல்லை.

சில சிற்றூர்கள் மட்டுமே உள்ள வத்தல்மலை போன்றதொரு மலையில், உறவுக்குள் மணம் செய்யும் மக்களிடையே, ஒருவர் மற்றவர்க்குப் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருந்தே தீர்வர். அத்தகைய இடத்தில் 'உன் பெயர் என்ன' என்பது வினாவாகாது. 'எனக்கு நீ என்ன முறை' என்பதே வினா. அதற்கு விடை கிடைத்த அளவிலேயே சிரிக்கலாமா, தலைகுனியலாமா என்பது தெரிந்துவிடும். அறிமுக விளையாட்டு என்ற ஒன்று தேவைப்படாத சமூகம் என்பதன்று இதன் பொருள். அறிமுகம் பிறப்பிலேயே நிகழ்ந்துவிடுவதால் விளையாட்டு அதற்கு அடுத்த பணிகளை ஏற்கிறது. விடுகதை போடுதல் அவற்றுள் ஒன்று. தொல்காப்பியம் 'பிசி' எனச் செய்யுளியலில் வகைப்படுத்திய இதனைக் கொங்கு வட்டாரம் 'அழிப்பாங்கதை' என்கிறது. இரு தரப்பாகப் பிரிந்து போடப்படும்போது விடை தெரியாத தரப்பு தோற்றதாக ஒப்பி ஏதேனும் ஒன்றைத் தரவேண்டும். வயது, செல்வம், தலைமை ஆகிய எதுவும் அங்குச் செல்லாது.

பெயர் சொல்லும் ஆட்டம்

முறையை முன்னிறுத்தாத பெரியோர் ஆட்டம் தருமபுரிக்கு வந்தது விருந்தின் வழியாக அன்று. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் முதலில் தொடங்கப்பெற்றது தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கொண்ட குழுக்கள் அமைந்தன. பின்னர் அத்திட்டம் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு விரிந்தது. குழு என்றால் கூட்டம். கூட்டம் என்றால் பயிற்சி. பயிற்சியின் முதல் அரைமணி நேரம் அறிமுக ஆட்டம்.

இவ்வாட்டங்களின் பிறப்பிடம் தொலைவில் உள்ளது. சிகாகோவில் குடியேறிய ஏழைகளிடையே இயங்கிய ஹல் இல்லத்தில் நீவா பாய்டு 1920களில் விளையாட்டைச் சமூகப் பணியின் கருவியாகக் கற்பித்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின் மொழியும் நாடும் வேறான மக்கள் ஒன்றாக இயங்குவதற்கான ஆட்டங்களை வகுத்து, 1963இல் நூலாக வெளியிட்டார். கர்ட் லெவினின் குழு இயக்க ஆய்வுகள் வழி 1947இல் மெய்ன் மாநிலத்துப் பெத்தலில் தொடங்கிய பயிற்சி முகாம்கள் அலுவலகங்களுக்கு இவ்வகை முறைகளைக் கொண்டுசென்றன. ஊரக வளர்ச்சித் துறையில் இவற்றைப் பரப்பியவர்களுள் ராபர்ட் சேம்பர்சு குறிப்பிடத்தக்கவர். பங்கேற்புப் பட்டறைகளுக்கான அவருடைய கையேடு 2002இல் வந்தது. உறவற்றவர் நகரில் ஒன்றுசேர்ந்ததன் விளைவாகப் பிறந்த ஆட்டம், உறவே எல்லாமாக இருந்த சிற்றூருக்கு இவ்வாறு வந்துசேர்ந்தது.

வட்டமாக அமர்ந்து நூல்கண்டை ஒருவர் மற்றவரிடம் எறிந்து, பெற்றவர் தம் பெயரைச் சொல்லும் ஆட்டம் பயிற்சிகளில் பரவலாக உள்ளது. நகர அலுவலகத்தில் அது பொழுதுபோக்கு. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்ன வீட்டு மருமகள் என்றே அறியப்பட்ட பெண்ணுக்கு அவையில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வது விளையாட்டு அன்று. பக்கத்து வீட்டினருக்கே அவள் பெயர் அப்போதுதான் தெரியவரக்கூடும். அடுத்த படியாக அப்பெயரை வங்கிக் கணக்கேட்டில் எழுதவேண்டியிருந்தது. முறைப்பெயர் மறைத்துவைத்திருந்த இயற்பெயரை நூல்கண்டு வெளிக்கொணர்ந்தது எனலாம். 1990களின் அறிவொளி இயக்கமும் இதே தடையைச் சந்தித்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் கற்க வந்த பெரியவர்களின் கூச்சத்தைத் தெளிவிக்க அது நாடியவை விடுகதையும் சொலவடையும் பாட்டும். இறக்குமதியான ஆட்டத்தைவிட அழிப்பாங்கதை விரைந்து வேலை செய்தது வியப்பன்று. கற்பிப்பவர் விடை தெரியாமல் விழிப்பதும் கற்க வந்தவர் விளக்குவதும் அங்கே இயல்பாக நிகழ்ந்தன.

குழுக்கள் பெரும்பாலும் ஒரே தெருவினரைக் கொண்டு அமைந்தமையால் அவற்றுள் சாதி கலப்பு குறைவே. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளிலும் மாவட்டப் பயிற்சிகளிலும் நிலைமை வேறு. மஞ்சள் நீர் எட்டாத தெருவைச் சேர்ந்தவளும், அதனை ஊற்றும் தெருவைச் சேர்ந்தவளும் அங்கே ஒரே வட்டத்தில் ஒரே நூலின் இரு முனைகளைப் பிடித்திருந்தனர். செயற்கையானது, மெல்லியது, கையேட்டைப் பார்த்து நடத்தப்படுவது என்று இவ்வாட்டங்களை எளிதாக எள்ளலாம். பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் முறையும் சாதியும் நுழைவுச் சீட்டாக இல்லாத வட்டம் இதற்கு முன் ஊர்ப்புறத்தில் அரிது என்பதையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும்.

சாலை வந்தபின்

வத்தல்மலையில் இன்று இருவகை ஆட்டங்களும் அருகருகே உள்ளன. சனிக்கிழமை மாலையில் வந்திறங்கும் குழுவினர் நெருப்பைச் சுற்றி அமர்ந்து இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்கின்றனர். அறியாதவரிடம் சொல்லும் பொய்க்கு விலையில்லை. யார் எதைச் சொன்னார் என்பதை அடுத்த வாரம் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியதும் அவ்விடுதலையே. உறவு முறை சொல்லி எவரும் எவரையும் அதட்ட முடியாத ஒரு மாலை நகரத்தவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அதே சாலை வழியாக மலையிலுள்ளோரும் கீழே இறங்குகின்றனர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் இளையோர் தமக்கு என்ன முறை என்று எவருக்கும் தெரியாத விடுதிகளிலும் தொழிற்கூடங்களிலும் தங்குகின்றனர். முதல் நாளில் அவர்களும் வட்டத்தில் நின்று பெயரோடு ஒரு பழத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'எந்த ஊர்' என்ற அடுத்த கேள்விக்கு வத்தல்மலை என்று சொன்னால், சுற்றுலா சென்று வந்த யாரேனும் ஒருவர் அதன் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார். விடுமுறைக்கு மலை திரும்பும்போது, மணவீட்டு வாசலில் மதினி முறையினள் மஞ்சள் நீர்க் குடத்தோடு மறைந்து நிற்பாள். அவளுக்கு அவன் பெயரைக் கேட்கவேண்டிய தேவையில்லை.